பிழை திருத்தத்தில் இணை அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊர்ப்புற நூலகத்தில், குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களோடு ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் உட்கார்ந்து பொதுத்தமிழ் வினாக்களைப் பார்த்து வருகிறேன். குலசேகரத்திலிருந்தும் கருங்கலிலிருந்தும் குளச்சலிலிருந்தும் வருகிற பிள்ளைகள், பிழையற்ற தொடரைக் கண்டறியும் வினாக்களில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: பலவற்றை அடுக்கிச் சொல்லும் தொடர்களில். அவர்கள் கேட்ட கேள்விகளைக் கேட்டபடியே தந்து, விடைகளைச் சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

இணை அமைப்பு, இணை அமைப்பு என்கிறீர்களே, பாடப்புத்தகத்தில் அந்தப் பெயரில் ஒரு பாடமும் இல்லையே?

பெயர் இல்லை, பொருள் இருக்கிறது. ஒரு தொடரில் இரண்டையோ அதற்கு மேற்பட்டவற்றையோ அடுக்கிச் சொன்னால், அடுக்கிய ஒவ்வொன்றும் ஒரே வடிவத்தில் நின்று, தொடரை முடிக்கும் சொல்லோடு தனித்தனியே பொருந்த வேண்டும். இதைத்தான் இணை அமைப்பு என்கிறேன். நம் இலக்கணத்தில் இது எண்ணும்மை, வினையெச்ச அடுக்கு, வேற்றுமை உருபு, பால் வழு, மரபு வழு என்று பல தலைப்புகளில் பிரிந்து கிடப்பதால், இவையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்தவை என்பது மாணவர்களுக்குப் புலப்படாமலே போகிறது.

"அவள் கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையைப் பார்க்கவும், படகில் செல்வதும், சங்கு வாங்கவும் விரும்பினாள்" என்ற தொடரைப் பாருங்கள். பார்க்கவும் விரும்பினாள், வாங்கவும் விரும்பினாள் என்பவை பொருந்துகின்றன. "செல்வதும் விரும்பினாள்" என்று தனியே சொன்னால் காது ஏற்பதில்லை. "செல்லவும்" என்று மாற்றினால் தொடர் நேராகிவிடும்.

ஒரே ஒரு வகை வினாவுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். முதல் 100 வினாக்கள் தமிழ்ப் பகுதி. அதற்கு 150 மதிப்பெண்கள். அதில் 60 எடுத்தால்தான் அடுத்த பகுதியையே மதிப்பிடுவார்கள். நூல், நூலாசிரியர் பற்றிய வினாக்கள் நினைவைச் சோதிப்பவை. மறந்துவிட்டால் மீட்க வழி கிடையாது. தொடர்ப்பிழை வினாவுக்கு வேண்டிய அனைத்தும் வினாத்தாளிலேயே இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவருக்கு அது கையில் வந்து விழும் மதிப்பெண்.

தேர்வறையில் நேரம் போகாமல் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது?

3 மணி நேரத்தை 200 வினாக்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 54 நொடிகள் வருகின்றன. ஆகவே நான்கு விடைகளையும் முதலிலிருந்து இறுதிவரை படித்துக்கொண்டிருக்க முடியாது. தமிழ்த் தொடரில் எல்லாச் சொற்களும் இறுதியில் வரும் பயனிலையை நம்பியே நிற்பதால், முதலில் அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்துவிட்டு, பிறகு அடுக்கில் உள்ள ஒவ்வொன்றையும் அதனோடு சேர்த்துப் பாருங்கள்.

சென்ற ஐப்பசியில் மழையால் மின்சாரம் போன ஒரு மாலையில், குளச்சலிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கைப்பேசி வெளிச்சத்தில் இதைச் செய்து காட்டினாள். தாளில் இருந்த தொடர்: "அவனுக்கு வலை பின்னவும், படகுக்கு வண்ணம் பூசவும், கருவாடு உலர்த்துதலும் தெரியும்." இரண்டு முறை படித்துவிட்டு, பிழையே இல்லை என்றாள். பிறகு "தெரியும்" என்பதைப் பென்சிலால் வட்டமிட்டாள். இடது கட்டைவிரலால் நடுவில் உள்ள சொற்களை மறைத்துக்கொண்டு, "வலை பின்னவும் தெரியும்… வண்ணம் பூசவும் தெரியும்… கருவாடு உலர்த்துதலும்…" என்று வாய்விட்டுப் படித்தவள் அங்கேயே நின்றாள். "உலர்த்தவும்" என்று அவளே திருத்தினாள். இதை இனி விரல் மூடும் முறை என்று குறிப்பிடுகிறேன்.

'உம்' ஒரு சொல்லில் மட்டும் வந்தால் தப்பா? பேச்சில் அப்படித்தானே சொல்கிறோம்?

"மட்டிப்பழமும் நேந்திரன்பழம் வாங்கினேன்" என்பது பிழையான தொடர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எண்ணும்மை என்பது எண்ணப்படும் ஒவ்வொன்றிலும் வர வேண்டியது. சிக்கல், "பூவன், நேந்திரன், மட்டியும் வாங்கினேன்" என்பதைப் போலக் கடைசிச் சொல்லில் மட்டும் 'உம்' வரும்போதுதான் எழுகிறது. செய்தித்தாள்களிலும் இப்படி எழுதிவிடுகிறார்கள்.

ஒரு பொருளில் மட்டும் ஏறிய 'உம்', முன்னே சொன்னதைத் தழுவிக்கொண்டு "இதுவும் கூட" என்று பொருள் தரும். அதன் பெயர் எச்சவும்மை. "மட்டியும் வாங்கினேன்" என்றால் வேறு ஏதோ வாங்கியபின் இதையும் வாங்கினேன் என்றாகிறது. தேர்வில் எல்லாவற்றிலும் 'உம்' வந்த விடை ஒன்றும், கடைசியில் மட்டும் வந்த விடை ஒன்றும் இருந்தால் முன்னதையே தேர்ந்தெடுங்கள்.

'உம்' எதிலுமே போடாமல் வெறும் காற்புள்ளி வைத்து எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பெயர்களை அப்படி அடுக்கினால் இறுதியில் ஒரு தொகைச்சொல் வர வேண்டும். உருபோ இடைச்சொல்லோ இல்லாமல் பெயர்களை எண்ணுவதைப் பெயர்ச்செவ்வெண் என்று நன்னூல் கூறுகிறது. அது தொகை பெற்றே வரும் என்பது விதி. "சேரன், சோழன், பாண்டியன் மூவரும் வந்தனர்" என்பது முழுமையான தொடர். 'உம்' வைத்து எண்ணினால் தொகைச்சொல் வரவும் செய்யலாம், வராமலும் இருக்கலாம் என்று அதே நூல் இடம் தருகிறது. எனவே "சேரனும் சோழனும் பாண்டியனும் வந்தனர்", "சேரனும் சோழனும் பாண்டியனும் மூவரும் வந்தனர்" ஆகிய இரண்டும் சரியானவையே. பின்னதைக் கூறியது கூறல் என்று சிலர் அடித்துவிடுகிறார்கள். அது தேவையில்லாத கண்டிப்பு.

"ஆகிய", "முதலிய" என்பவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டியல் முடிந்துவிட்டால் "ஆகிய". இன்னும் இருக்கிறது என்றால் "முதலிய". "தக்கலை, குளச்சல், கருங்கல் முதலிய மூன்று ஊர்கள்" என்பதில் மூன்றையும் சொல்லி முடித்த பின் "முதலிய" வந்திருப்பதால் அது பிழை.

'மற்றும்' வந்த விடையைப் பார்த்ததும் தள்ளிவிடலாமா? எங்கள் தமிழாசிரியர் அப்படித்தான் சொன்னார்.

உங்கள் ஆசிரியரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆங்கிலத் தொடரின் பழக்கத்தால் ஒவ்வோர் இணைப்புக்கும் "மற்றும்" போடுவது தமிழின் இயல்பான நடையைக் கெடுக்கிறது. நானும் என் எழுத்தில் அதைத் தவிர்க்கிறேன். ஆனால் அரசு ஆணைகளிலும் பாடநூல்களிலும் அது நிலைபெற்றுவிட்டதால், அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் ஒரு விடையை நீக்குவது ஆபத்து. மற்ற மூன்றிலும் வெளிப்படையான வழு இருந்தால் "மற்றும்" உள்ளதே விடையாகலாம். "நாகர்கோவிலிலும் மற்றும் தக்கலையிலும்" என்று உம்மையும் "மற்றும்" என்பதும் சேர்ந்து வந்த தொடரை மட்டும் தயங்காமல் நீக்குங்கள். ஒரு வேலைக்கு இரண்டு ஆட்கள் அங்கே நிற்கிறார்கள்.

"தோவாளைக்குச் சென்றாள், பூ வாங்கி, மாலை தொடுத்து, நாகர்கோவிலில் விற்றாள்" என்பதில் என்ன பிழை? பொருள் விளங்குகிறதே?

பொருள் விளங்குகிறது, அடுக்கு உடைந்திருக்கிறது. ஒருவரே அடுத்தடுத்துச் செய்யும் செயல்களை அடுக்கும்போது, கடைசி வினை ஒன்றே முற்றாக நின்று, முந்தியவை எல்லாம் எச்சமாக வருவது தமிழின் பழைய நெறி. உருபுகள் பல அடுக்கினாலும் வினைகள் பல அடுக்கினாலும் இறுதியில் உள்ள ஒன்று எல்லாவற்றையும் முடித்து வைக்கும் என்று நன்னூல் கூறுவதும் இதுவே. "தோவாளைக்குச் சென்று, பூ வாங்கி, மாலை தொடுத்து, நாகர்கோவிலில் விற்றாள்" என்பது சரி. நான்கையும் முற்றாக்கி, "சென்றாள்; வாங்கினாள்; தொடுத்தாள்; விற்றாள்" என்பதும் சரி. பாதி அப்படியும் பாதி இப்படியும் இருப்பதுதான் பிழை.

அப்படியானால் "எழுந்து ஓடிய சிறுவன் வழுக்கி விழுந்தான்" என்பதும் பிழைதானே? எழுந்து, ஓடிய, விழுந்தான் என்று மூன்று வடிவங்கள் இருக்கின்றனவே?

பிழை இல்லை, கேள்வி நல்ல கேள்வி. வடிவ ஒற்றுமை ஒரே தரத்தில் நிற்கும் சொற்களுக்கு மட்டுமே வேண்டும். "எழுந்து" என்பது "ஓடிய" என்பதைத் தழுவுகிறது. "ஓடிய" என்பது "சிறுவன்" என்ற பெயரைத் தழுவுகிறது. "வழுக்கி" என்பது "விழுந்தான்" என்பதைத் தழுவுகிறது. இங்கே அடுக்கே இல்லை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் ஏணிதான் இருக்கிறது. வடிவம் வேறுபட்டதைக் கண்டதும் பிழை என்று குறிக்காமல், அவை ஒரே சொல்லைத்தான் தழுவுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

"மழை பெய்து குளம் நிறைந்தது" சரியா, தவறா? பெய்தது மழை, நிறைந்தது குளம். எழுவாய் மாறுகிறதே?

"செய்து" என்னும் வாய்பாட்டு எச்சம், தான் கொண்ட எழுவாயின் வினையையே கொண்டு முடிவது பொது விதி. "அம்மா சந்தைக்குப் போய், நான் பாடம் படித்தேன்" என்பது இதனால்தான் பிழையாகிறது. "அம்மா சந்தைக்குப் போனதும் நான் பாடம் படித்தேன்" என்றால் சரி. ஆனால் காரணத்தையும் காரியத்தையும் சொல்லும் "மழை பெய்து நெல் விளைந்தது" போன்ற தொடர்களை "மழை பெய்ய நெல் விளைந்தது" என்பதன் திரிபாகக் கொண்டு உரையாசிரியர்கள் ஏற்றிருக்கிறார்கள். எனவே நீங்கள் கேட்ட தொடர் வழுவன்று. "பெய்ததால்" அல்லது "பெய்ய" என்று வந்த விடையும் பக்கத்தில் இருந்தால் அதைக் குறிப்பது இன்னும் பாதுகாப்பு.

வேற்றுமை உருபை ஒவ்வொரு சொல்லிலும் போட வேண்டுமா, கடைசியில் மட்டும் போட்டால் போதுமா?

இரண்டும் சரி; கலப்புதான் பிழை. "தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் பூதப்பாண்டிக்கும்" என்றும் எழுதலாம். "தோவாளை, ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டி ஆகிய ஊர்களுக்கு" என்றும் எழுதலாம். "தோவாளைக்கும் ஆரல்வாய்மொழியிலும் பேருந்துகள் செல்கின்றன" என்பதில் விரல் மூடும் முறையே பிழையைக் காட்டிவிடும்.

"மட்டுமன்றி" வரும் தொடர்களில் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். "எங்கள் ஊர்க்காரர்கள் தமிழில் மட்டுமன்றி மலையாளமும் பேசுவார்கள்" என்பது நம் மாவட்டத்தில் எல்லாரும் சொல்லக்கூடியதுதான். இருந்தாலும் எழுத்தில் "தமிழில் மட்டுமன்றி மலையாளத்திலும்" என்றோ "தமிழ் மட்டுமன்றி மலையாளமும்" என்றோதான் வர வேண்டும். ஒப்பிடும் தொடரும் இப்படியே. "தக்கலையில் பெய்த மழை குளச்சலை விட அதிகம்" என்றால் மழையை ஊரோடு ஒப்பிட்டதாகிவிடுகிறது. "குளச்சலில் பெய்ததை விட" என்பதே சரி.

நானும் நீயும், நீயும் அவனும் என்று வந்தால் முடிவு எப்படி வரும்?

தன்மை கலந்தால் தன்மைப் பன்மை: "நானும் நீயும் அவனும் போனோம்." இதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயர். தன்மை இல்லாமல் முன்னிலையும் படர்க்கையும் கலந்தால் முன்னிலைப் பன்மை: "நீயும் அவனும் போனீர்கள்." இந்த இடத்தில் விரல் மூடும் முறையை அப்படியே பயன்படுத்தாதீர்கள், "அவனும் போனோம்" என்று தனியே படித்தால் சரியான தொடரும் பிழைபோலத் தோன்றும். ஆட்கள் அடுக்கி வரும்போது அவர்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

"மீனவர்களும் படகுகளும் கரை திரும்பின", "மீனவர்களும் படகுகளும் கரை திரும்பினர்": இரண்டில் எது?

உயர்திணையும் அஃறிணையும் கலந்து எண்ணப்படும்போது சிறப்பினாலோ மிகுதியினாலோ இழிவினாலோ ஒரு முடிவைக் கொள்ளும் என்று நன்னூலின் பொதுவியல் கூறுகிறது. "திங்களும் சான்றோரும் ஒப்பர்" என்பதில் சிறப்பினால் திங்களும் உயர்திணை முடிவை ஏற்றது. "மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா" என்பதில் இழிவினால் மூர்க்கனும் அஃறிணை முடிவை ஏற்றான். ஒரு முடிவு மனிதரை உயர்த்துகிறதா தாழ்த்துகிறதா என்பதைக்கூட இலக்கணம் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

ஆகவே, கடலில் உயிரைப் பணயம் வைத்துத் திரும்பும் மீனவர்களைச் சொல்லும் தொடரில் "திரும்பினர்" என்பதே பொருந்தும். "மீனவர்கள் படகுகளுடன் கரை திரும்பினர்" என்று ஒரு விடை இருந்தால் அதில் கலப்பே இல்லை, அதைக் குறியுங்கள்.

"அவன் பாலும் முறுக்கும் தின்றான்" என்பதில் உம்மை சரியாக இருக்கிறது, முடிவும் சரி. பிறகு ஏன் தவறு என்கிறார்கள்?

பால் பருகுவது, முறுக்கு தின்பது. விரலால் மூடிப் படித்தால் "பாலும் தின்றான்" என்று வந்து நிற்கும். வெவ்வேறு வினைக்குரிய பொருள்களைச் சேர்த்து எண்ணினால், ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைக் கொடுக்காமல் எல்லாவற்றுக்கும் பொதுவான வினையைக் கொடுக்க வேண்டும் என்பது தொல்காப்பியத்திலிருந்தே வரும் விதி. யாழை மீட்டுவார்கள், முழவை முழக்குவார்கள். இரண்டையும் சேர்த்தால் "யாழும் முழவும் இசைத்தனர்" என்பார்கள்.

பொதுவினை கிடைக்காவிட்டால் பிரித்துவிடுவதே வழி: "பால் பருகினான், முறுக்கு தின்றான்." கூடை முடைதல், ஆடை நெய்தல், மாலை தொடுத்தல், சுவர் எழுப்புதல் என்ற மரபு வினைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறவர்கள், இரண்டிரண்டாகச் சேர்த்துத் தொடர் அமைத்துப் பார்த்தால் நன்றாக நினைவில் நிற்கும். "கூடையும் ஆடையும் நெய்தனர்" ஏன் கூடாது என்று சொல்லத் தெரிந்தவர் இந்த வினாவில் தவறமாட்டார்.

எங்கள் வீட்டில் மலையாளமும் கலந்து பேசுவோம். அதனால்தான் எனக்கு முடிவுகளில் பிழை வருகிறதா?

ஓரளவுக்குக் காரணமாக இருக்கலாம். மலையாளத்தில் வினைமுற்று பால், எண், இடம் காட்டுவதில்லை. ஞான், அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும் "வந்நு" என்ற ஒரே முடிவு. விளவங்கோடு பக்கத்தில் அந்த மொழியோடு வளர்ந்த பிள்ளைகள் தமிழ் வினையின் விகுதியைக் கூர்ந்து பாராமல் கடந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் மொழி இரண்டு அறிந்ததைக் குறையாக நினைக்க வேண்டாம். "படகுகள் வந்தது" என்று பேசுவது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம். எழுத்தில் "வந்தன" என்று வர வேண்டும் என்பதை எல்லாருமே தனியாகப் பழகித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வின் ஆங்கிலப் பகுதிக்கும் இந்த முறை உதவுமா?

உதவும், ஆனால் திசையை மாற்ற வேண்டும். தமிழில் அடுக்கு கடைசிச் சொல்லை நம்பி நிற்கிறது. ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடுவதால் அடுக்கு தனக்கு முன்னே உள்ள சொல்லை நம்பி நிற்கும். "ஷி லைக்ஸ் ரீடிங், சிங்கிங் அண்ட் டு டான்ஸ்" என்பதில் "லைக்ஸ்" என்பதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைப் பாருங்கள்: ரீடிங், சிங்கிங் என்று வந்தபின் "டான்சிங்" என்றுதான் வர வேண்டும். "நாட் ஒன்லி… பட் ஆல்சோ", "ஈதர்… ஆர்" போன்ற இரட்டை இணைப்புகளில் இரண்டு பக்கமும் ஒரே வகைச் சொல் வருகிறதா என்று பார்ப்பது, மேலே "மட்டுமன்றி" பற்றிச் சொன்னதேதான். எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறையும் என்பதால், ஐயத்தோடு குறிப்பதை அங்கே தவிர்க்க வேண்டும்.

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வுக்குப் பழைய புத்தகங்களை வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவத்தில் சொற்றொடர் திருத்தப் பகுதியே நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் புத்தகங்கள் பயிற்சிக்கு நல்லவை; அந்தத் தேர்வுக்கு அப்பகுதி வேண்டியதில்லை.

எல்லாம் ஒரே வடிவத்தில் இருந்தால் அதுதான் விடை என்று குறித்துவிடலாமா? சில நேரம் இரண்டு விடைகள் அப்படி இருக்கின்றனவே?

வடிவம் ஒத்திருப்பது நுழைவாயில் மட்டுமே. அதைத் தாண்டியபின் பொருளைப் பார்க்க வேண்டும். ஒரு மாதிரித் தேர்வில் நான் கொடுத்த வினா இது. அ: "விளக்கை ஏற்றி, திரியிட்டு, எண்ணெய் ஊற்றினாள்." ஆ: "திரியிட்டாள், எண்ணெய் ஊற்றி, விளக்கை ஏற்றினாள்." இ: "திரியிட்டு, எண்ணெய் ஊற்றி, விளக்கை ஏற்றினாள்." ஈ: "திரியிட்டு, எண்ணெய் ஊற்றியும் விளக்கை ஏற்றினாள்."

ஆ, ஈ இரண்டும் அடுக்கு உடைந்தவை. எச்சங்களின் அடுக்கைப் பற்றி மேலே சொன்னது அவற்றை நீக்கிவிடும். மிஞ்சும் அ, இ இரண்டிலும் வடிவம் நூல் பிடித்தாற்போல இருக்கிறது. ஆனால் "செய்து" எச்சம் முன் நிகழ்ந்ததைச் சொல்வது. அ-வின்படி விளக்கை ஏற்றிய பிறகுதான் அவள் திரியைத் தேடியிருக்க வேண்டும். அன்று வந்திருந்த பதினோரு பேரில் நான்கு பேர் அ-வைக் குறித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் தாளைத் திரும்ப வாங்கி, ஒவ்வொரு செயலின் மேலும் 1, 2, 3 என்று எண் இட்டுப் பார்த்துவிட்டு, இ-க்கு எதிரே வட்டத்தை நிரப்பினார்.